மிச்சம் இருந்தா விடுங்க

கீழப்பிடாவூருக்குத் தண்ணீர் வேண்டாம் என்று கீழப்பிடாவூரே சொல்லிவிட்டதாகக் காலையில் செய்தி வந்தது. ஊராட்சித் தலைவி பஞ்சவர்ணம் அப்போது மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கைபேசியை இரண்டு முறை படித்தாள். பிறகு எதிர்வீட்டு உடையணனைக் கூப்பிட்டு அவரையும் படிக்கச் சொன்னாள். கோளாறு தன் கண்ணில்தான் இருக்கும் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

கண்ணில் கோளாறு இல்லை. பெருங்கரைப் பகுதி வளர்ச்சி ஒப்பந்தம் பதினேழு ஊர்களாலும் ஒருமனதாக ஏற்கப்பட்டது என்று போட்டிருந்தது. கால்வாய் பதினாறாவது ஊரோடு நிற்கும். மீதமாகும் தண்ணீர் மேற்கே வரப்போகும் புதுநகருக்கும் தொழிற்பேட்டைக்கும் போகும். கடைசி ஊரான கீழப்பிடாவூர்க் குடும்பங்களுக்குப் புதுநகரில் அடுக்குமாடி வீடு. அறுவடை முடிந்ததும் ஊரைக் காலி செய்யலாம்.

"ஒருமனதான்னா அதுல நம்ம மனசும் சேந்துதானத்தா?" என்றார் உடையணன்.

"சேந்துதான் போட்டிருக்காக."

"நம்மள யாரு கேட்டா?"

"நம்ம ஊர்வாயைக் கேட்டிருக்காக" என்றாள் பஞ்சவர்ணம்.

ஊர்வாய் என்பது என்ன என்று சொல்லிவிட வேண்டும். ஊர் கூடித் தேர் இழுப்பது பழைய பேச்சு. பெருங்கரைக் கால்வாயின் பதினேழு ஊர்த் தலைவர்களும் கூடிய கூட்டங்களில் தேர் ஒன்றும் நகரவில்லை, நாற்காலிகள்தான் பறந்தன. ஒரு ஊருக்கு ஆஸ்பத்திரி என்றால் இன்னொரு ஊர் மறியலுக்கு உட்காரும். சாலைக்கு ஒருவன் இடம் கொடுத்தால் அவன் பங்காளி தடை வாங்கி வருவான். பத்து வருஷம் வந்த பணமெல்லாம் செலவழியாமலே திரும்பிப் போனது. கடைசியில் ஒரு ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு இயந்திரக் குரல். கிராம சபையில் அந்த ஊர்க்காரர்கள் பேசியது, மனுவில் எழுதியது, அலுவலகத்துக்குப் போன் போட்டு அழுதது எல்லாவற்றையும் அது கேட்டுக் கேட்டு அந்த ஊராகவே பேசக் கற்றுக்கொள்ளும். ஊருக்காக மற்ற பதினாறு ஊர்வாய்களோடு பேரம் பேசும். மனிதர்கள் பத்து வருஷம் அடித்துக்கொண்டதை வாய்கள் ஒரு காலைப்பொழுதில் பேசி முடித்தன.

நல்லதும் நடந்தது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். பொது ஆஸ்பத்திரி வந்தது. பதினேழு ஊரையும் சுற்றும் பேருந்து வந்தது. பஞ்சவர்ணத்தின் மகள் செண்பகத்துக்கு அந்த ஆஸ்பத்திரியில்தான் இரண்டு பிரசவமும். பேசி முடித்த முடிவை ஒருமுறைக்கு மேல் கிளறக் கூடாது, இயந்திரம் பேசிய பின் மனிதன் குறுக்கே வரக் கூடாது என்று தலைவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட நாளில் பஞ்சவர்ணமும் கை தட்டினாள். அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மனிதர்கள் குறுக்கே வந்துதானே எல்லாம் கெட்டது?

குளித்ததும் குளிக்காததுமாக அவள் பேருந்து ஏறினாள்.

பதினேழு ஊர்க் கூட்டமைப்பின் அலுவலகத்தில் ஊர்வாய்களைப் பார்த்துக்கொள்வது மெர்லின் என்ற பெண். நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை. அதிர்ந்து பேசமாட்டாள். பஞ்சவர்ணம் மூச்சு வாங்க வந்து நின்றதும் முதலில் மின்விசிறியைப் போட்டு உட்கார வைத்தாள்.

"யாருகிட்டயாச்சும் துட்டு வாங்கிக்கிட்டு மாத்திட்டீகளா? மறைக்காமச் சொல்லிரு தாயி."

"அப்படி மாத்தவே முடியாதும்மா. உங்க ஊர்வாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது. உங்க ஊர் ஆளுங்க என்ன பேசினாங்களோ, அதைத்தான் அது பேசும்."

"எங்க ஊர்ல எந்தப் பய தண்ணி வேணாம்னான்?"

மெர்லின் பேச்சுவார்த்தையின் பதிவை ஓட விட்டாள். முதலில் கேட்டது கீழப்பிடாவூரின் குரல். பஞ்சவர்ணத்துக்குப் புல்லரித்தது. ஒரு ஆளின் குரல் இல்லை அது. உடையணனின் இழுவை இருந்தது, செத்துப்போன பழைய தலைவரின் செருமல் இருந்தது, கொஞ்சம் அவளும் இருந்தாள். கால்வாய்த் தண்ணீரைப் பங்கிடும் பேச்சு வந்ததும் அந்தக் குரல் பணிவாகச் சொன்னது:

"ஒங்களுக்குப் போக மிச்சம் இருந்தா எங்க பக்கம் விடுங்க."

தலைமடை ஊரான முடிக்கரையின் குரல், "சரி. எங்க கணக்குல மிச்சம் இல்ல. கீழப்பிடாவூருக்குச் சம்மதம்னு வச்சுக்கலாமா?" என்றது.

"மேல இருக்கவுக பாத்துச் செஞ்சாச் சரி" என்றது கீழப்பிடாவூர்.

அவ்வளவுதான். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

பஞ்சவர்ணத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "அட கூறுகெட்ட வாயே" என்றாள். "அது மரியாதைக்குச் சொல்றதுல்ல!"

"புரியலைம்மா."

"ஆடியில மடை தெறக்குற அன்னிக்கு நாங்க வெத்தலைத் தாம்பாளம் எடுத்துக்கிட்டு முடிக்கரை மடைக்குப் போவோம். போயி, ஒங்களுக்குப் போக மிச்சம் இருந்தா விடுங்கன்னு கேப்போம். அதுக்கு முடிக்கரைக்காரவுக, கடைமடை நனைஞ்சப்பறந்தான் எங்க வயலுக்குத் தண்ணின்னு சொல்லணும். சொல்லி, வெத்தலையை எடுத்துக்கிட்டு, மொதத் தண்ணிய எங்க பக்கம் விடுவாக. காலங்காலமா அதான் மொறை. கடைமடைக்காரன் தாந்து கேக்கணும், தலைமடைக்காரன் ஒசந்து குடுக்கணும். மிச்சத்தை வாங்கிக்கிட்டா இத்தன வருசம் வெள்ளாமை பண்ணினோம்?"

மெர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தன் கணினியில் எதையோ தேடினாள்.

"நீங்க கேக்கிறது எங்ககிட்ட நிறைய இருக்கும்மா. கிராம சபையில, மனுவில, எல்லாத்திலயும் இதே வார்த்தைதான் சொல்லியிருக்கீங்க. முடிக்கரை சொல்ற பதில் ஒரு இடத்திலகூட இல்லை."

"அது சபையில சொல்ற பேச்சில்ல. மடையில நின்னு சொல்றது."

"மடையில மைக் இல்லையேம்மா" என்றாள் மெர்லின்.

பஞ்சவர்ணத்தின் சிரிப்பு அப்போதுதான் முழுதாக அடங்கியது. பாதிப் பேச்சைக் கற்றுக்கொண்ட இரண்டு இயந்திரங்கள் உட்கார்ந்து ஒரு ஊரை முடித்திருந்தன. ஒன்று தாழ்ந்து கேட்டது. இன்னொன்றுக்கு உயர்ந்து கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

"ஒரே ஒரு மறுபேச்சு உண்டும்மா" என்றாள் மெர்லின். "பாதிக்கப்பட்ட ஊர் மட்டும்தான் கேக்கலாம். அதுக்கு முன்னாடி கிராம சபையைக் கூட்டுங்க. கடைசியா என்ன பேசினீங்களோ, அதுக்குத்தான் ஊர்வாய் அதிக மதிப்புக் குடுக்கும். சுத்தி வளைக்காதீங்க. வேணும்னா வேணும்னு சொல்லுங்க. முடிக்கரை ஒத்துக்கிட்டா மத்த ஊர்களும் ஒத்துக்கும். தண்ணி அங்கேருந்துதானே பிரியுது."

திரும்புகிற வழியில் பஞ்சவர்ணம் முடிக்கரையிலேயே இறங்கிவிட்டாள். முடிக்கரைத் தலைவர் சோணைமுத்து அவளுக்குச் சம்பந்தி. செண்பகத்தை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறாள். வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, "வா தங்கச்சி" என்றார். செண்பகம் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போனாள்.

நடந்ததை எல்லாம் பஞ்சவர்ணம் சொன்னாள். மெர்லின் சொன்னதையும் விடாமல் சொன்னாள். "ஒங்க ஊர்வாய்க்குப் பதில் சொல்லத் தெரியலண்ணே" என்றாள்.

அவள் எதிர்பார்த்தது ஒரே ஒரு வார்த்தை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை. சோணைமுத்து வேப்பமரத்தைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மறுபேச்சு என்னிக்கு?"

"வார வியாழக்கிழமை."

"சரி. சாப்புட்டுப் போ தங்கச்சி."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையாண்ணே?"

"நாஞ் சொல்றதுக்கு என்ன இருக்கு, இப்ப?" என்றார் அவர்.

அவள் சாப்பிடவில்லை. காப்பியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. கொண்டான் கொடுத்தான் உறவெல்லாம் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற வரைதான் போலிருக்கிறது என்று நினைத்தபடி நடந்தாள். புதுநகரும் தொழிற்பேட்டையும் யார் வாசலில் வரப்போகிறது? முடிக்கரை வாசலில்தானே. கசக்குமா அவருக்கு? வழியெல்லாம் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அழுகையாக வந்திருந்தால் தேவலை, கோபமாக வந்தது.

திங்கட்கிழமை கிராம சபை கூடியது. பள்ளிக்கூடத்து வளாகத்தில் மைக்கை நட்டு, அதன் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பஞ்சவர்ணம் சொன்னாள்:

"இன்னிக்கு யாரும் மரியாதை பேசக் கூடாது. தண்ணி வேணும்னு சொல்லுங்க. எங்களுக்குப் பாத்தியதை உண்டுன்னு சொல்லுங்க. மிச்சம் கிச்சம்னு எவனாச்சும் வாயெடுத்தா எந்திரிச்சு வெளிய போயிரணும்."

சொல்வது சுலபம். முதலில் எழுந்த பெரியவர் மைக்கைக் கண்டதும் துண்டை இடுப்புக்கு இறக்கினார். "அதாவது, மேல இருக்கவுக மனசு வச்சு..." என்று ஆரம்பித்தார். கூட்டம் சிரித்தது. அவரை உட்கார வைத்தார்கள். அடுத்து வந்தவள் "வேணும்" என்ற சொல்லை வாய்க்குள்ளேயே மென்றாள். காலமெல்லாம் தாழ்ந்தே கேட்டுப் பழகிய நாக்கு, அதை நிமிர்த்தினால் வலிக்கிறது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

உடையணன்தான் உடைத்தார். "தண்ணி வேணும்யா!" என்று ஒரு கத்து கத்தினார். "எம் மகன் துபாய்ல ஒட்டகத்தோட கெடந்து அனுப்புன காசுல வாங்குன நெலம்யா. அத விட்டுட்டு எட்டாவது மாடியில போயி நான் எதைப் பாத்துக்கிட்டு ஒக்காருவேன்?"

அதற்குப் பிறகு நிற்கவில்லை. மடை உடைந்தால் நல்ல தண்ணீர் மட்டுமா வரும்? முடிக்கரைக்காரன் ராத்திரியில் மடைப் பலகையை இறக்கித் தண்ணீரை மறித்த கதை வந்தது. கல்யாணத்தில் கடைமடைக்காரனைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்த கதை வந்தது. பாட்டன் காலத்துத் திருட்டு, முப்பாட்டன் காலத்து அடிதடி எல்லாம் வந்தன. கெட்ட வார்த்தைகளும் வந்தன. பச்சை விளக்கு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

கடைசியாகப் பஞ்சவர்ணம் மைக் முன்னால் நின்றாள். வேப்பமரத்தைப் பார்த்தபடி துண்டை உதறிய அந்த மனிதர் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றார்.

"கேட்டு வாங்க நாங்க பிச்சைக்காரங்க இல்ல" என்றாள். "எங்க தண்ணிய மறிச்சுத் தின்ன கூட்டம் முடிக்கரைக் கூட்டம். இனிமே அவங்ககிட்ட வெத்தலைத் தாம்பாளம் எடுத்துப் போனா அது எச்சிலுக்குக் கையேந்துறது. எங்க தண்ணிய எடுத்து வைங்கடா, அம்புட்டுத்தான்."

கூட்டம் கை தட்டியது. ஊரே அன்றைக்குக் கொஞ்சம் உயரமாக நடந்தது. வீட்டுக்கு வந்தபின் மகளை நினைத்து அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் ஊர் பெரிதா, உறவு பெரிதா? போன் மணி அடித்தால் செண்பகமாக இருக்குமோ என்று பயந்து போனை அரிசிப் பானைக்குள் வைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மெர்லின் கூப்பிட்டாள். "நேர்ல வாங்கம்மா" என்றாள். பஞ்சவர்ணம் அடுத்த பேருந்தில் ஏறினாள்.

அலுவலகத்தில் சோணைமுத்து முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முடிவு மாறலைம்மா" என்றாள் மெர்லின். அவள் கண் சிவந்திருந்தது. "நீங்க ரெண்டு பேரும் சேந்து கேக்கணும்னுதான் கூப்பிட்டேன்."

பதிவு ஓடியது. இந்த முறை முதலில் பேசியது முடிக்கரையின் குரல். முந்தைய பேச்சில் இல்லாத ஒரு நிதானம் அதில் இருந்தது. அழைத்து உட்கார வைக்கிற குரல்.

"வாங்க கீழப்பிடாவூர். ஒக்காருங்க. கேக்க வேண்டியதக் கேளுங்க, நாங்க சொல்றோம்."

"கேட்டு வாங்க நாங்க பிச்சைக்காரங்க இல்ல" என்றது கீழப்பிடாவூர். பஞ்சவர்ணம் தன் குரலைத் தானே கேட்டாள். "எங்க தண்ணிய மறிச்சுத் தின்ன கூட்டம் நீங்க."

"அதெல்லாம் இருக்கட்டும். மொறையாக் கேளுங்க. நாங்க சொல்றதுக்குக் காத்திருக்கோம்."

"ஒங்க எச்சிலுக்கு நாங்க கையேந்த மாட்டோம். எங்க தண்ணிய எடுத்து வைங்கடா."

முடிக்கரை மூன்றாவது முறையும் கேட்கச் சொன்னது. மூன்றாவது முறையும் வசவுதான் வந்தது. அதன் பிறகு அந்தக் குரல் பேசவே இல்லை.

"முடிக்கரை பதில் சொல்லாததால பழைய முடிவே நின்னுருச்சு" என்றாள் மெர்லின். "மத்த ஊர்களும் அதோடயே போயிருச்சு."

பஞ்சவர்ணத்துக்குப் புரியவில்லை. "அது என்னத்தச் சொல்லக் காத்துக்கிட்டு இருந்துச்சு?"

மெர்லின் சோணைமுத்துவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீ வந்துட்டுப் போன மறுநாளே சபையைக் கூட்டிட்டேன் தங்கச்சி. ஒரு ஆளு பாக்கி இல்லாம மைக்கு முன்னால நிப்பாட்டிச் சொல்ல வச்சேன். கடைமடை நனைஞ்சப்பறந்தான் எங்க வயலுக்குத் தண்ணின்னு. செண்பகமும் சொல்லுச்சு. நம்ம பேரப்புள்ளைககூடச் சொல்லுச்சுக."

பஞ்சவர்ணம் அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேண்ணே."

"எப்படிச் சொல்லுவேன்? நீ மொறையாக் கேக்குறதுக்கு முந்தியே குடுத்துட்டேன்னு சொன்னா, ஒனக்குத் தர்மம் போட்டதா ஆயிராது? ஒன் ஊரைப் பிச்சைக்கார ஊரா ஆக்குனதா ஆயிராது? என் வீட்டுக்குப் பொண்ணு குடுத்தவ நீ. இந்தப் புள்ள என்ன சொல்லி விட்டாலும் நீ எப்பயும் போலக் கேப்ப, நாங்க எப்பயும் போலச் சொல்லுவோம்னு இருந்துட்டேன்."

அவள் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள். அவர் பேசாமல் இருந்தது அவளுடைய மானத்தைக் காக்க. அந்த மௌனத்துக்குத்தான் அவள் ஊர் கூடி அவரை வைதது. திருடன் செய்த காரியம் இல்லை, பகையாளி செய்ததும் இல்லை. இரண்டு பக்கமும் நல்லது செய்யப் போய் நடந்தது இது. இதற்கு யாரைப் போய்க் கோபிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சோணைமுத்துவின் எதிரே வந்து நின்றாள். கையில் தாம்பாளம் இல்லை. வெறும் இரண்டு கையையும் நீட்டினாள்.

"அண்ணே, ஒங்களுக்குப் போக மிச்சம் இருந்தா எங்க பக்கம் விடுங்க."

சோணைமுத்து தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "கடைமடை நனைஞ்சப்பறந்தான் எங்க வயலுக்குத் தண்ணி" என்றார். பெரிய ஆள், குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இரண்டு பேரும் மெர்லினைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டு தலைவரும் ஒன் முன்னால ஒத்துக்கிட்டோம் தாயி" என்றாள் பஞ்சவர்ணம். "எழுதிக்க."

"எழுத முடியாதும்மா. மறுபேச்சு முடிஞ்சு போச்சு. இயந்திரம் பேசினதுக்கு அப்புறம் மனுஷங்க..." மெர்லின் முடிக்கவில்லை. அந்த விதிக்குக் கீழே இவர்கள் இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தது அவளுக்குத் தெரியும்.

"நான் போயி என் கையால பலகையைத் தூக்குறேன்" என்றார் சோணைமுத்து.

"பலகை இப்ப இல்லீங்கய்யா. எல்லாம் இங்கேருந்து ஓடுற ஷட்டர். முடிவு எப்படியோ அப்படித்தான் அது திறக்கும். கடைசிக் கால்வாயை அடைச்சுக் கான்கிரீட் போட ஞாயித்துக்கிழமை ஆள் வருது."

சோணைமுத்து பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தார். "செண்பகத்துகிட்ட என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார். பேருந்து வந்தது. பதினேழு ஊரும் ஒருமனதாகப் பேசிக் கொண்டுவந்த பேருந்து, நேரம் தவறாது.

கீழப்பிடாவூர் நிறுத்தத்தில் ஊரே காத்துக்கொண்டிருந்தது. அவள் படியில் கால் வைக்கும்போதே உடையணன் முன்னால் வந்தார்.

"என்னத்தா ஆச்சு? முடிக்கரைக்காரன் தண்ணி குடுக்குறானா, இல்லையா?"

பஞ்சவர்ணம் கூட்டத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமை நிமிர்ந்த தலைகள் இன்னும் நிமிர்ந்தே இருந்தன.

"அவுக குடுத்துட்டாகய்யா" என்றாள். "நமக்குத்தான் வராது."